கிதார் வாசிப்போர் வீட்டில் ஒரு வால்வுப் பெட்டி



மாற்றல் உத்தரவு கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, எதை உடன் கொண்டு செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதே. மத்திய அரசுப் பணியிலும் ரயில்வேயிலும் வங்கிகளிலும் இருந்துகொண்டு வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இக்கேள்வியைப் பலமுறை சந்தித்தவை. ஆட்டுக்கல்லை விட்டுவிடலாம், தம்புராவை விட மனம் வராது. நம் மூட்டையில் இவ்விரண்டிலும் சேராத வேறொரு பொருள் உண்டு. மின்கிதாரின் ஒலியைத் தொடக்கத்திலேயே வாங்கி வளர்த்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது. ஆங்கிலத்தில் ப்ரீஆம்ப்ளிஃபயர் என்பார்கள். நாம் முன்பெருக்கி என்று சொல்லிக்கொள்வோம். அதன் உள்ளே வேலை செய்வன வால்வுகள். இத்தகைய கருவியை வாங்குவது, பயன்படுத்துவது, பேணுவது என்பன பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

வால்வு என்றதும் நேயர்களில் மூத்தவர்களுக்குப் பழைய வானொலிப் பெட்டி நினைவுக்கு வரும். விசையைத் திருப்பினால் உடனே ஒலி வராது. உள்ளே செம்மஞ்சள் ஒளி மெல்லப் படரும். அரை நிமிடம் கழித்தே பாட்டுக் கேட்கும். அந்தக் கண்ணாடிக் குழல்களின் உடன்பிறப்புகளே நம் பெட்டியிலும் இருக்கின்றன. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் பெயர்களைப் பார்த்தால் சற்று நின்றுவிடுவது நம் வழக்கம். அமெரிக்கர் இதனைக் குழல் என்றனர். ஆங்கிலேயர் வால்வு என்றனர். முன்னவர் வடிவைப் பார்த்துப் பெயரிட்டனர். பின்னவர் அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிட்டனர். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் செல்லவிடும் கதவு என்பது அவர்கள் கருத்து. தமிழ் மக்கள் வால்வு ரேடியோ என்ற சொல்லையே தம் வழக்கில் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே நாமும் வால்வு என்றே சொல்வோம்.

1904 ஆம் ஆண்டில் ஃபிளெமிங் என்ற ஆங்கிலேயர் இரு முனைகள் கொண்ட வால்வை அமைத்தார். 1906 இல் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் மூன்றாவது முனை ஒன்றை அதில் சேர்த்தார். அதன் தத்துவம் எளியது. காற்று நீக்கப்பட்ட குழலுக்குள் ஒரு முனை சூடேற்றப்படுகிறது. அதிலிருந்து மின்னணுக்கள் புறப்பட்டு, நேர் மின்னழுத்தம் ஊட்டப்பட்ட தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் ஒரு கம்பிச் சல்லடை நிற்கிறது. அச்சல்லடையில் சிறிதளவு மின்னழுத்த மாறுதல் ஏற்பட்டாலும், தகட்டுக்குச் செல்லும் ஓட்டம் பெரிதும் மாறுகிறது. மதகில் நிற்பவன் பலகையைச் சிறிது உயர்த்தினால் வாய்க்காலில் வெள்ளம் பெருகுவதுபோல என்று சொல்லலாம். உயர்த்துபவனின் வலிமை சிறிது. பாயும் நீரின் வலிமை பெரிது. பெருக்கம் என்பது இதுவே.

மின்கிதாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய நுண்ணிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும் மெலிந்த அலை. அவ்வலையைப் பதப்படுத்தி, கனம், நடு, கூர்மை என்ற பகுதிகளை வேண்டியபடி கூட்டிக் குறைத்து, அடுத்த கருவி ஏற்கத்தக்க அளவுக்கு உயர்த்துவது முன்பெருக்கியின் வேலை. அதன்பின் ஒலிபெருக்கிக் குழலை அசைக்கும் பெரிய பெருக்கி வேறாக இருக்கும். நம் நாட்டு இசைக்கு இவையெல்லாம் அந்நியம் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் அவர்கள் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது மின்மாண்டலின்தான். அதுவும் மின்பெருக்கியின் துணையால் சபைகளை நிறைத்தது.

கிதார்ப் பெருக்கிகளில் பெரும்பாலும் காணப்படும் வால்வின் அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7. ஆர்.சி.ஏ. நிறுவனம் அதனை 1947 இல் வெளியிட்டது. நம் நாடு விடுதலை பெற்ற ஆண்டு அது. வால்வை வீட்டுக்கு அனுப்பப் போகும் டிரான்சிஸ்டரும் அவ்வாண்டு டிசம்பரில்தான் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. இதே வால்வுக்கு ஐரோப்பியர் ஈசிசி83 என்று பெயர் வைத்தனர். அப்பெயரைப் பகுபதம் போலப் பிரித்துப் பொருள் காணலாம். ஈ என்பது சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்பதைக் குறிக்கும். சி என்பது மும்முனை வால்வு. அது இரட்டித்து வருவதால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இருக்கின்றன என்று கொள்ள வேண்டும். 8 என்ற எண் ஒன்பது ஊசிகள் கொண்ட அடிப்பாகத்தைச் சுட்டும். இதன் பெருக்கக் காரணி 100. நடைமுறையில் ஒரு படியில் ஐம்பது, அறுபது மடங்கு கிடைக்கும். இரண்டு மூன்று படிகளைத் தொடர்ந்து அமைத்தால் மெலிந்த அலை எவ்வளவு பெருகும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அவ்வாறு பெருக்கும்போது ஓர் எல்லை வருகிறது. வால்வு அதற்கு மேல் கொடுக்க இயலாது. அப்போது அலையின் உச்சி மழுங்குகிறது. மின்பொறியாளரின் கணக்கில் இது குறை. இசைவாணரின் செவியில் இதுவே குணம். உச்சி மழுங்கிய அலையில் மூலச் சுரத்தோடு அதன் மேல் நிற்கும் சுரங்களும் பிறக்கின்றன. இரண்டாவது மடங்கு மேல் ஸ்தாயி ஷட்ஜம். மூன்றாவது மடங்கு அதற்கு மேல் நிற்கும் பஞ்சமம். ஐந்தாவது மடங்கு அந்தர காந்தாரம். தம்புராவை நன்றாகச் சுருதி கூட்டி, குதிரையின்மேல் ஜீவா நூலைச் சரியான இடத்தில் நிறுத்தியவுடன் கேட்கும் ஸ்வயம்பு ஸ்வரங்கள் இவையே. வழி வேறு, காது பெறும் இன்பம் உறவுடையது. மேலும், மென்மையாக மீட்டினால் வால்வு தெளிவாகப் பேசும். அழுத்தி மீட்டினால் கரகரக்கும். விரலின் அழுத்தத்துக்கு ஏற்பக் குரல் மாறும் இப்பண்புக்காகவே பலர் வால்வை விடாமல் இருக்கின்றனர்.

இனி, பெட்டியின் வடிவைப் பார்ப்போம். முகப்பின் அகலம் 19 அங்குலம், உயரம் 1.75 அங்குலத்தின் மடங்குகள். தொலைபேசி நிலையங்களில் கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புச் சட்டத்தில் பூட்டி வைப்பதற்காக வழக்கத்துக்கு வந்த அளவு இது. வானொலி நிலையங்களும் இவ்வளவையே ஏற்றன. கணினிகளை அடுக்கும் நிலையங்களிலும் இன்று இதுவே அளவு. கிதார்க்காரர்கள் இதனை நாடியது 1980 களில். 1983 இல் மிடி என்ற பொதுமொழி மின்னிசைக் கருவிகளுக்கு அமைந்தது. அதன் பயனாக, காலால் ஒரு விசையை மிதித்தால் முன்பெருக்கியின் அமைப்பு முழுவதும் ஒரே நொடியில் மாறும்படி செய்ய முடிந்தது. ஏ.டி.ஏ. நிறுவனத்தின் எம்.பி.1 என்ற கருவி 1987 இல் வந்தது. லண்டனில் 1962 இல் பெருக்கிகள் செய்யத் தொடங்கிய மார்ஷல் நிறுவனத்தின் ஜே.எம்.பி.1 1992 இல் வந்தது. இரண்டும் ஓர் அடுக்கு உயரமே உடையவை. இரண்டிலும் வால்வுகள் உண்டு. பின்னர்க் காலம் மாறியது. 1998 இல் லைன் 6 நிறுவனத்தின் பாட் முதலான சிறு கருவிகள் வால்வின் ஒலியைக் கணக்கீட்டினாலேயே உருவாக்கிக் காட்டின. பலர் இரும்பு அடுக்குகளை விற்றனர். அவ்வாறு விற்கப்பட்டவற்றுள் ஒன்றையே, தில்லியில் ஓர் இசைக்கலைஞரிடமிருந்து நாம் பழைய பொருளாக வாங்கினோம்.

பழைய பொருளாக வாங்க விரும்பும் நேயர்கள் சில குறிப்புகளை மனத்தில் கொள்வது நல்லது. முதலாவது, பின்புறத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், 60 சுழற்சி. ஜப்பானில் 100 வோல்ட். நம் நாட்டில் 230 வோல்ட், 50 சுழற்சி. 120 வோல்ட் கருவிக்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வேண்டும். அதுமட்டும் போதாது. மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்குமேயன்றிச் சுழற்சியை மாற்றாது. 60 என்று மட்டும் குறிக்கப்பட்ட கருவி 50 இல் அதிகம் சூடேறும். 50/60 என்று இரண்டும் குறிக்கப்பட்டிருந்தால் கவலை இல்லை.

இரண்டாவது, கண்ணாடிக்குள் ஒளி தெரிகிறது என்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 12ஏஎக்ஸ்7 முழுத் திறனோடு உழைக்கத் தகட்டில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும். மலிவான சில கருவிகளில் ஒரே ஒரு வால்வைப் பெயரளவுக்கு வைத்து, அதற்கு மிகக் குறைந்த அழுத்தமே ஊட்டியிருப்பார்கள்; பின்னால் ஒரு சிறு வண்ண விளக்கையும் பொருத்தியிருப்பார்கள். அது கண்ணுக்கு விருந்து; காதுக்கு அவ்வளவாக இல்லை.

மூன்றாவது, அமைப்புகளை நினைவில் வைக்கும் கருவிகளில் உள்ளே ஒரு சிறு மின்கலம் இருக்கக்கூடும். அதன் ஆயுள் முடிந்தால் சேமித்த அமைப்புகள் யாவும் அழியும். ஆகவே நமக்குப் பிடித்த ஒவ்வோர் அமைப்பையும், எந்தக் குமிழ் எந்த எண்ணில் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். வீட்டுக் கணக்கு நோட்டுக்கு அருகில் அதுவும் இருக்கிறது. கருவிக்கு மறதி வரலாம், நோட்டுக்கு வராது.

பயன்படுத்தும் முறையைப் பற்றியும் ஒரு சொல். அரசுக் குடியிருப்பில் சுவர்கள் மெல்லியவை. மேல் வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். இந்நிலையில் முன்பெருக்கி ஒரு நல்ல துணை. வால்வால் ஆன பெரிய பெருக்கியை ஒலிபெருக்கிக் குழல் இணைக்காமல் இயக்கக் கூடாது. இயக்கினால் அதன் மின்மாற்றி கெடலாம். முன்பெருக்கிக்கு அக்கட்டாயம் இல்லை. அதன் வெளியீட்டைக் கணினிக்குச் செல்லும் ஒலி இணைப்புப் பெட்டியில் கொடுத்து, ஒலிபெருக்கிக் கூண்டின் குணத்தைச் சேர்த்துத் தரும் ஏற்பாட்டின் வழியாகக் காதணிக் கருவியில் கேட்கலாம். வீட்டார் உறங்க, நாம் வாசிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: கருவியின் மேலே ஓர் அடுக்கைக் காலியாக விடுங்கள். ஒரு வால்வின் இழை மட்டுமே 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் மின்சாரத்தை வெப்பமாக்குகிறது. அவ்வெப்பம் வெளியேற வழி வேண்டும்.

இனி, சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டிய செய்தி. இப்பெட்டிக்குள் இருப்பது விளையாட்டு மின்சாரம் அன்று. இருநூறு, முந்நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் உள்ளே இருக்கிறது. செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கக்கூடும். அறியாத கை தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பயிற்சி இல்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம். அதைவிடப் பரவலான ஓர் ஆபத்தும் உண்டு. ஒலியில் இரைச்சல் வருகிறது என்று மூன்றாவது முனையை, அதாவது எர்த் முனையை, வெட்டிவிடும் வழக்கம் சில மேடைகளில் இருக்கிறது. இரைச்சல் போகலாம், கூடவே பாதுகாப்பும் போய்விடுகிறது. உட்புறத்தில் ஒரு கம்பி நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், அம்மின்சாரம் கிதாரின் எஃகுக் கம்பி வழியாக வாசிப்பவர் கைக்கு வரும். மறு கையில் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தால் பாதை மார்பின் வழியாக அமைந்துவிடும். வாடகை வீட்டுக்குக் குடிபோனவுடன் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறோம். எர்த் இருக்கிறதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு சோதித்துக்கொள்வது நலம்.

தில்லியிலிருந்து கொல்கத்தாவுக்கு நாம் மாற்றலாகி வந்த அடுத்த மழைக்காலத்தில், நம் பெட்டியில் ஒரு முரல் ஒலி தோன்றியது. வர வர அது வளர்ந்தது. சூடேறியபின் கிதாரின் குரலையே விழுங்கியது. கடைகளில் காட்டினோம். மூன்று இடங்களில் ஒரே பதில் கிடைத்தது: இதை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிய கருவி ஒன்றை வாங்குங்கள். நான்காவதாக, சாந்தினி சந்தைப் பகுதியின் ஒரு சந்துக்குள், இளமையில் வால்வு வானொலிகளைப் பழுது பார்த்த ஒரு முதியவரைக் கண்டோம். அவர் பெட்டியை உடனே திறக்கவில்லை. ஒலியைக் கேட்டார். கேட்டுவிட்டு, “தாதா, இது ஐம்பது அன்று, நூறு” என்றார்.

அதன் பொருளை அவரே விளக்கினார். முரல் 50 சுழற்சியில் இருந்தால் குற்றம் எர்த் பாதையிலோ இழையின் சுற்றிலோ இருக்கும். மாறுமின்னோட்டத்தை நேராக்கும்போது அலையின் இரு பாதிகளும் பயன்படுவதால், அங்கே மிஞ்சும் அலை 100 சுழற்சியில் நிற்கும். அதைச் சமன்செய்ய வேண்டிய மின்தேக்கிகள் வறண்டுபோனால் 100 கேட்கும். முப்பது ஆண்டு வயதான மின்தேக்கிகள் உள்ளே உலர்ந்துபோவது இயல்பே. முதியவர் இடக்கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வலக்கையால் மட்டும் அளந்தார். இரு கைகளும் உள்ளே சென்றால் நெஞ்சு நடுவில் அகப்படும் என்பது அவருடைய குரு சொன்ன பாடமாம். தங்கியிருந்த மின்சாரத்தை ஒரு தடையின் வழியாக வடித்தார். மின்தேக்கிகளை மாற்றினார். பின்னர் ஒரு பென்சிலின் மரமுனையால் வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினார். ஒன்று மணிபோல ஒலித்தது. உள்ளே உறுப்புகள் தளர்ந்திருக்கின்றன என்பது அதன் அறிகுறி. அதற்கு மட்டும் மாற்று வேண்டும் என்றார். மற்றவற்றின் ஊசிகளைத் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். கடற்கரையை ஒட்டிய ஊர்களின் ஈரக்காற்று ஊசிகளில் களிம்பு ஏற்றும் என்பதையும் சொன்னார். பெட்டி மறுபடி பேசியது.

கூலியைப் பெற்றுக்கொண்டு அவர் சொன்ன ஒரு சொல்லே இன்றைய பேச்சை எழுதத் தூண்டியது. “இந்த வேலையை என்னிடம் கற்றுக்கொள்ள இப்போது எவரும் இல்லை. என் மகன் கைபேசி விற்கிறான்” என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடப்பைச் சொன்னார்.

இதில் சிந்திக்க இடமிருக்கிறது. 1954 இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. நம் நாட்டு வீடுகளில் ஒலித்த பல வானொலிகளில் நம் நாட்டு வால்வுகளே இருந்தன. அவ்வகை உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. உலகிலும் இன்று வால்வு செய்யும் தொழிற்சாலைகளை விரல்விட்டு எண்ணலாம்; ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா என்ற நாடுகளில் அவை இருக்கின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது உலகமெங்கும் கிதார்க்காரர்கள் வால்வுக்காகத் தவித்தனர். பொருள் அருகியிருக்கிறது. ஆயினும் பொருளைப் பணம் கொடுத்துத் தருவித்துவிடலாம். 50 க்கும் 100 க்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லும் செவியை எங்கிருந்து தருவிப்பது?

அப்படியானால் புதிய கணக்கீட்டுக் கருவிகள் வேண்டாவா என்று நேயர்கள் கேட்கலாம். வேண்டும். எடை குறைவு, விலை குறைவு, பயணத்துக்கு ஏற்றவை, ஒலியிலும் இன்று அவை மிகச் சிறந்து நிற்கின்றன. ஆண்டுக்கு ஓர் ஊர் மாறும் இளைஞர் ஒருவர் நம்மைக் கேட்டால், அதையே வாங்குங்கள் என்றுதான் சொல்வோம். ஆனால் வால்வுப் பெட்டியின் உறுப்புகள் தனித்தனியாகக் கழற்றத்தக்கவை. ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மாற்றலாம். அதனால்தான் முப்பது ஆண்டுப் பெட்டி ஒரு பிற்பகலில் உயிர் பெற்றது. இக்குணம் அதற்கு இருக்கும்வரை, அதைப் பேணுவது வீண் ஆசை ஆகாது.

பேணுபவருக்கு மூன்று வேலைகள் உண்டு. மாற்றலின்போது பெட்டியைக் குளிரவிட்டு, சுற்றிலும் மெத்தைபோலத் தக்கை வைத்து, நிமிர்ந்த நிலையில் அனுப்புங்கள். மாதம் ஒருமுறையேனும் அதை இயக்குங்கள். உழைக்காத மின்தேக்கி விரைவில் கெடும். மூன்றாவது வேலையே முக்கியம். தில்லியில் லஜபத் ராய் சந்தை, மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினி என்று ஒவ்வொரு பெருநகரிலும் மின்கருவிக் கடைகள் நிறைந்த தெருக்கள் இருக்கின்றன. அங்கே எந்தச் சந்தில் பழைய கைத்திறன் எஞ்சியிருக்கிறது என்பதைத் தேடி அறியுங்கள். பழுது பார்க்கும்போது அருகில் இருந்து கேளுங்கள். வீட்டில் அறிவியல் படிக்கும் மகனோ மகளோ இருந்தால் உடன் அழைத்துச் செல்லுங்கள். மொழி ஒரு தடையாகாது. வங்காளியும் இந்தியும் பாதி தெரிந்த நமக்கு, அந்த முதியவர் ஒரு பென்சிலைக் கொண்டே எவ்வளவோ சொல்லிக் கொடுத்துவிட்டார்.

பழுது பார்க்கச் செல்லும் நாம் கூலியோடு இரண்டு கேள்விகளையும் கொண்டு செல்வோமாக. கேட்கப்படும் கலைக்கு ஆயுள் சிறிது நீளும்.